நளீமின் பெயர் வந்தால் நிறுத்து

மஸீஹாவுக்கு எவ்வளவு பொறுமை என்று மாத்தளையில் பலர் சொல்வார்கள். சொல்பவர்களுக்கு அவளைத் தெரியாது. தம்புள்ளையில் அவளோடு ஒரே அறையில் தங்கியவள் நான். இப்போது மாத்தளைத் திருகோணமலை வீதியில் ஒரே அலுவலகத்தில் அடுத்த மேசையில் இருக்கிறேன். எனக்குத் தெரியும். பொறுமையெல்லாம் ஒன்றுமில்லை. கோபத்தை ஆறவிடாமல் அடுப்பிலேயே வைத்திருக்கத் தெரிந்தவள், அவ்வளவுதான்.

பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். யார் ஆண்டார்களோ, நான் கண்டதில்லை. அதனால் மஸீஹா செய்ததை எங்கேயும் எடுத்துச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

அவளுடைய வாப்பா மாத்தளையில் கராம்பும் மிளகும் வாங்கி விற்றவர். ருஸ்தி என்று ஒரு மகன், மஸீஹா என்று ஒரு மகள். மகளைப் பள்ளிவாசல் செயலாளர் நளீமின் தங்கை மகனுக்குக் கட்டிக் கொடுத்தார். அவன் கை நீட்டுகிறவன். மஸீஹா காதி நீதிமன்றம் போய் விவாகரத்து வாங்கிக்கொண்டு, தம்புள்ளைக்கு வேலைக்கு வந்துவிட்டாள். மருமகன் அடித்தது நளீமுக்குக் குறைவாகப் படவில்லை. அடிபட்டவள் வாயைத் திறந்ததுதான் அவர் குடும்பத்துக்குக் குறைவாகிவிட்டது.

தம்புள்ளையில் நாங்கள் வேலை செய்த இடம், நாள் முழுக்க வாடிக்கையாளர் அழைப்புக்குப் பதில் சொல்கிற நிலையம். உள்ளே போகும்போது சொந்தக் கைபேசியை லொக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். ஒருநாள் தேநீர் இடைவேளையில் லொக்கரைத் திறந்தவள், ருஸ்தியிடமிருந்து ஒரேயொரு அழைப்பு வந்து தவறியிருப்பதைப் பார்த்தாள். திருப்பி எடுத்தாள்.

"வாப்பா விடிய சுபஹுக்கே மவ்த்தாகிட்டாங்க. ஒனக்குத் தம்புள்ளைப் பள்ளி மூலமாச் சொல்லியாச்சுன்னு நளீம் நானா சொன்னாரு. நீ வந்துக்கிட்டு இருக்கிறன்னுதானே நாங்க நெனச்சோம்?" என்றான் ருஸ்தி.

வாப்பா இறந்த சேதியோடு அவளைத் தனியே விட மனமில்லாமல் நானும் பஸ் ஏறினேன். நாங்கள் போய் இறங்கியபோது ஆண்கள் அடக்கம் முடிந்து மையவாடியிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுடைய வழக்கத்தில் பெண்கள் அடக்கத்துக்குப் போவதில்லை. வீட்டில் வைத்து முகம் பார்ப்பதுதான் மகளுக்குக் கடைசி. அது அவளுக்குக் கிடைக்கவில்லை.

மவ்த் நடந்த வீட்டில் யாரும் கைபேசியைத் தூக்கிக்கொண்டு அலைவதில்லை. அறிவிக்கிற வேலையைப் பள்ளிச் செயலாளர் கையில் எடுத்துவிட்டால் வீட்டார் அந்தப் பக்கமே திரும்புவதில்லை. நளீம் எழுதி எல்லா ஊருக்கும் அனுப்பிய அறிவித்தலைப் பக்கத்து வீட்டுப் பெண் காட்டினாள். 'ருஸ்தியின் அன்புத் தகப்பனாரும்' என்று இருந்தது. மஸீஹாவின் பெயர் இல்லை. தம்புள்ளைப் பள்ளிக்கு அது போகவேயில்லை என்று பிறகு விசாரித்ததில் தெரிந்தது. தங்கச்சி இப்பதான் பஸ் ஏறுறா, கொஞ்சம் பொறுப்போம் என்று ருஸ்தி கேட்டானாம். செய்தி விடியவே போயாச்சு, நேரத்தோட வராதது அவட பிழை, ஜனாஸாவைச் சுணக்கக் கூடாது என்று நளீம்தான் தூக்க வைத்தாராம்.

மஸீஹா அவரிடம் நேரேயே போய்க் கேட்டாள். நான் பக்கத்தில் நின்றேன்.

"பொம்பளப் புள்ளைகள்ட பேரப் போட்டு ஊரெல்லாம் அனுப்புற வழக்கமில்ல. தம்புள்ளைக்குச் சொல்ல ஆள் வெச்சன். அவங்க சொல்லல்ல போல. சபுர் செய்ங்க" என்றார் நளீம். தாடியைத் தடவிக்கொண்டே பொறுமையாக இருக்கச் சொன்னார். எனக்கே அந்தத் தாடியைப் பிடித்து இழுக்க வேண்டும் போலிருந்தது.

அவள் ஒன்றும் பேசாமல் திரும்பி வந்தாள். அன்றிலிருந்துதான் அவளுக்குப் பொறுமைசாலி என்ற பெயர் வந்தது.

சில வருடங்கள் கழித்து நாங்கள் இருவரும் மாத்தளைக்கே வேலைக்கு வந்தோம். கணினி நிரல் எழுதித் தருகிற சிறிய அலுவலகம். அங்கே ஒருநாள் பலீல் ஹாஜியார் வந்தார். மாவட்டத்துப் பள்ளிவாசல்களையெல்லாம் சேர்த்த சம்மேளனத்துக்கு அவர்தான் தலைவர். நல்ல மனிதர், சத்தமாகப் பேசுவார். ஜனாஸா அறிவித்தல்கள் இருபது முப்பது வாட்ஸ்அப் குழுக்களில் சிக்கிச் சீரழிகின்றன, ஒரே இலக்கத்துக்கு அனுப்பினால் போகவேண்டிய ஊருக்குத் தானாகப் போகிற மாதிரி ஒன்று செய்து தர முடியுமா என்று கேட்டார். எங்கள் முதலாளி வாயைத் திறப்பதற்குள் மஸீஹா எழுந்துவிட்டாள்.

"நான் செஞ்சு தாறன் ஹாஜியார். வாப்பாட பேர்ல சதகாவா இருக்கட்டும்."

காசு வாங்காமல் தர்மமாகச் செய்கிறாள் என்றதும் பலீல் ஹாஜியாரின் கண் கலங்கிவிட்டது. தனக்கு நடந்ததை மறந்து ஊருக்கு உதவுகிறாள் என்று வெளியே போய் எல்லோரிடமும் சொன்னார். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறந்த முகமாக அது இல்லை.

வேலை இதுதான். மவ்த் நடந்த ஊரின் பள்ளிச் செயலாளர் எங்கள் இலக்கத்துக்கு ஒரு செய்தி அனுப்புவார். அதில் மவ்த்தானவரின் பெயர், உறவினர் பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அவர் இருக்கும் ஊர். எங்கள் கணினி அந்த ஊர்களைப் பார்த்து, அந்தந்தப் பள்ளியின் மோதினாருக்குச் செய்தியைப் பிரித்து அனுப்பும். மோதினார் பாங்கு சொல்கிற ஒலிபெருக்கியிலேயே அதை வாசிப்பார். பெயர் இருந்தால் ஊர் இருக்கும், ஊர் இருந்தால் செய்தி போகும்.

இதைப் பேசி முடிவெடுக்கக் கூடிய கூட்டத்தில் மகள்மாரின் பெயரைக் கட்டாயமாக்க வேண்டும் என்றாள் மஸீஹா. நளீம் எழுந்து அதே பழைய பாட்டைப் பாடினார். பெண் பிள்ளைகளின் பெயரை எதற்கு ஒலிபெருக்கியில் கூவ வேண்டும் என்றார்.

"அப்படிச் சொல்லாதீங்க நளீம். நாளைக்கு உங்கட ஜெஸ்லாவுக்கும் சேதி போகணுமே" என்றார் பலீல் ஹாஜியார்.

"எனக்கு இருக்கிறது ஹுஸ்னி ஒரு மகன்தான்" என்றார் நளீம்.

கூட்டத்தில் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஜெஸ்லா பல்லேபொலயில் பேக்கரி வைத்திருக்கிற ஒரு பையனைத் தானே விரும்பிக் கட்டிக்கொண்டவள். அன்றோடு அவளை வீட்டுப்படி ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார். பெற்ற மகளையே வெட்டிவிட்டவருக்கு அடுத்தவன் மகள் எம்மாத்திரம்? கடைசியில் மகள்மார் பெயரை விரும்பினால் போடலாம் என்று முடிவாயிற்று. மஸீஹா சரி என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிபடவில்லை.

அலுவலகத்து மூலையில் கிடந்த பழைய கணினி ஒன்றைத் துடைத்து, லினக்ஸ் போட்டு, அதன்மேல் டொக்கர் என்ற மென்பொருளை நிறுவினாள். சேவையை ஒரே மூட்டையாகக் கட்டாமல் தனித்தனிக் கன்டெய்னர்களாகப் பிரித்தாள். செய்தியை வாங்க ஒன்று, வரிசையில் வைத்திருக்க ஒன்று, எந்த ஊருக்கென்று முடிவுசெய்ய ஒன்று, அனுப்ப ஒன்று. அடுக்குக் கேரியரில் சோறும் கறியும் தனித்தனித் தட்டில் இருப்பதைப் போல. ஒரு தட்டைக் கழற்றிக் கழுவி மாட்டினாலும் மற்றதில் இருப்பது கொட்டிவிடாது.

சொல்லும்போது சுலபம். முதலில் அவற்றைக் கட்டியெழுப்பும் பில்ட் பாதிவரை ஓடி, சிவப்பெழுத்தில் திட்டிவிட்டு நின்றது. ஏதோ ஒரு நிரல் நூலகத்தின் பழைய பதிப்பு வேண்டுமாம். அதைத் தேடிக் கொடுத்தால் வேறொன்று முரண்டு பிடித்தது. ஒருவழியாக நான்கும் எழுந்து நின்றால், ஒன்றுக்கு ஒன்று பேசமாட்டேன் என்றன. சம்பந்தி வீட்டுக்காரர்களைப் போல ஒரே பெட்டிக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றன. பொதுவாக ஒரு வலையமைப்பை உண்டாக்கி அதில் எல்லாவற்றையும் சேர்த்த பிறகுதான் பேச்சுவார்த்தை தொடங்கியது.

இதற்கெல்லாம் அவள் சலிக்கவில்லை. ஒருதடவைதான் மேசையில் ஓங்கி அடித்தாள். திருத்தம் செய்வதற்காக வரிசை வைத்திருக்கும் கன்டெய்னரை அழித்து மறுபடி கட்டியபோது, அதற்குள் காத்திருந்த சோதனைச் செய்திகளும் சேர்ந்து அழிந்துவிட்டன. வரிசையை வெளியே, கணினியின் வன்தட்டில் சேமிக்கத் தவறிவிட்டாள்.

"ஒரு மவ்த் சேதி காணாமப் போறதுன்னா என்னான்னு இந்தப் பெட்டிக்குத் தெரியுமா சுபா?" என்று கத்தினாள். முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கதவைச் சாத்திக்கொண்டார். அதன்பிறகு மின்சாரம் போனாலும், கன்டெய்னர் செத்துப் பிழைத்தாலும், ஒரு செய்திகூடத் தொலையாதபடி செய்துவிட்டாள்.

இன்னொரு கூத்தும் நடந்தது. பரீட்சித்துப் பார்க்க, 'சோதனை லெப்பை' என்று இல்லாத மனிதர் ஒருவரை மவ்த்தாக்கி ஒரு செய்தி அனுப்பினாள். எல்லா மோதினார் இலக்கங்களையும் எடுத்துவிட்டு என்னுடைய இலக்கத்தைப் போட்டிருந்தவள், உக்குவளையை மட்டும் மறந்துவிட்டாள். அங்கே மோதினார் சோதனை லெப்பைக்கு இன்னா லில்லாஹி சொல்லி ஒலிபெருக்கியில் வாசித்துவிட்டார். ஒரு வேன் நிறையச் சனம் மாத்தளைக்கு வந்து, லெப்பையின் வீடு எந்தத் தெருவென்று கடை கடையாக விசாரித்தது. வந்தவர்களில் ஒருவருக்கும் லெப்பையைத் தெரியாது. தெரியாவிட்டாலும் மையத்துக்குப் போவது கடமை என்று வந்திருக்கிறார்கள். மஸீஹா ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டு, தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பி வைத்தாள்.

திரும்பி வந்து கணினிக்கு முன்னால் உட்கார்ந்தவள் நான் வீட்டுக்குப் புறப்பட்டபோதும் எழுந்திருக்கவில்லை. ஒரு செய்தி போனால் ஒரு வேன் நிறையச் சனம் வரும். போகாவிட்டால் ஒருவரும் வரமாட்டார்கள். அவள் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள் என்று அடுத்த நாள் தெரிந்தது. அவள் எழுதிய விதிகளை நான் சரிபார்த்தபோது, ஊர்களுக்கான விதிகளுக்கெல்லாம் மேலே ஒரு புது விதி இருந்தது. நளீமின் பெயர் கணவனாகவோ, தகப்பனாகவோ, மகனாகவோ வந்தால் அந்தச் செய்தியை நிறுத்து. மஸீஹாவுக்கு மட்டும் தெரிவி. அனுப்பியவருக்கு 'அனுப்பப்பட்டது' என்று பதில் கொடு.

"என்னடி இது?" என்றேன்.

"அவர்ட வீட்ல ஒருநாளைக்கு மவ்த் நடக்காமலா போகும்? அன்னைக்கு அனுப்புவாரு. சொல்லியாச்சுன்னு பதில் வரும். ஒரு ஊருக்கும் போகாது. சந்தூக்குப் பெட்டியைத் தூக்க ஆளில்லாம வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருக்கட்டும். நான் ருஸ்தி நானாட வாயால கேட்ட அதே சொல்லு, அவர்ட ஃபோன்ல வரணும்."

அது பாவம் என்று நான் சொல்லவில்லை. அந்த விதியில் ஒரு அடைப்புக்குறி விட்டுப் போயிருந்தது. அதைப் போட்டுக் கொடுத்தேன்.

சேவை தொடங்கியது. எல்லோரும் மெச்சினார்கள். எல்கடுவயில் ஒருவர் காலமானால் அடுத்த நிமிடமே பல்லேபொலயில் வாசித்தார்கள். நளீமும் மற்ற வீட்டு மவ்த்துகளுக்கு வழமைபோல அனுப்பிக்கொண்டுதானிருந்தார். அவையெல்லாம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன. மஸீஹா காத்திருந்தாள்.

ஒரு வியாழக்கிழமை காலை, அலுவலகம் திறந்து கொஞ்ச நேரத்தில், அவள் கைபேசி கிணுகிணுத்தது. பார்த்தவள் என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

நளீமின் மனைவி ஹமீமா மவ்த். மனைவி மவ்த்தான வேளையிலும் அறிவித்தலை அடுத்தவன் கையில் கொடுக்காமல் தானே எழுதியிருந்தார், அப்படிப்பட்ட மனுசன். 'நளீமின் அன்பு மனைவியும், ஹுஸ்னியின் தாயாருமான' என்று தொடங்கியது. பகல் ளுஹர் தொழுகையோடு நல்லடக்கம். கீழே எங்கள் கணினியின் பதில்: அனுப்பப்பட்டது.

"மாட்டிட்டாரு," என்றாள். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தாள். எனக்கும் உள்ளுக்குள் தித்தித்தது. அந்தத் தாடியை இப்போது தடவட்டும் பார்ப்போம் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் செய்தியை மறுபடி வாசித்தாள். சிரிப்பு நின்றது.

"ஜெஸ்லாட பேர் இல்ல."

"இருக்காதுதானே. அவருக்கு மகளே இல்லைன்னு சொன்ன ஆளுதானே?"

"சுபா, இதை நான் பிடிச்சு வெச்சாலும் அந்தப் புள்ளைக்குத் தெரியாது. விட்டாலும் தெரியாது."

"அதுக்கு நீ என்ன செய்வ? செஞ்சது அவரு. கிடக்கட்டும் விடு."

அவள் முகம் சிவந்துவிட்டது. இரக்கத்தில் சிவந்தது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், எனக்கு அவளைத் தெரியும். தனக்குச் செய்ததையே அந்த மனிதர் சொந்த மகளுக்கும் செய்கிறார் என்ற ஆத்திரம். வரிசையில் நின்ற செய்தியைத் திறந்தாள். ஹுஸ்னிக்குப் பக்கத்தில் ஜெஸ்லா என்று சேர்த்தாள். ஊர் பல்லேபொல என்று போட்டாள்.

"ஆளில்லாம நிக்கிறது ஒருநாள் வெக்கம். அவர் வெட்டிப் போட்ட பேரை அவர்ட ஃபோன்லருந்தே எல்லா ஊர்லயும் வாசிக்க வெக்கிறன். சாகும்வரைக்கும் இருக்கட்டும் அந்த வெக்கம்" என்று சொல்லிக்கொண்டே விடுவித்தாள். நிமிடத்தில் எல்லாப் பள்ளிக்கும் போய்விட்டது. எங்கள் ஜன்னலுக்கு நேரே இருந்த பள்ளி ஒலிபெருக்கியிலேயே, ஹுஸ்னி, ஜெஸ்லா ஆகியோரின் தாயாரும் என்று மோதினார் வாசித்தது கேட்டது.

"வா. முகத்தைப் பாக்கணும்" என்றாள். நளீமின் முகத்தைச் சொன்னாள்.

மையத்து வீட்டில் வாசலிலும் வீதியிலும் ஆண்கள் நிறைந்து நின்றார்கள். நான் முக்காடு போட்டுக்கொண்டு அவளோடு உள்ளே போனேன். பெண்கள் இருந்த அறையில் ஜன்னலோரமாக இடம் பிடித்தோம். அங்கிருந்து நளீம் தெரிந்தார். நாற்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்தார். பெண்களுக்குள் ஜெஸ்லா பேச்சுத்தான். நளீமே மகளைச் சேர்த்துவிட்டாரா, அவள் வருவாளா, வந்தால் படியேற விடுவாரா என்று ஆளுக்கொரு விதமாகக் குசுகுசுத்தார்கள். அவர் எழுந்து கத்துவார், இது என் அறிவித்தல் இல்லை என்று எல்லோருக்கும் முன்னால் கூத்தாடுவார் என்று மஸீஹா எதிர்பார்த்தாள். நானும்தான்.

வெள்ளைத் துணியால் கபனிட்டு எல்லாம் ஆயத்தமாயிற்று. பலீல் ஹாஜியார் நளீமின் பக்கத்தில் வந்தார்.

"சனமெல்லாம் வந்தாச்சு நளீம். பள்ளியில ளுஹருக்கு நேரமாகுது. தூக்குவமா?"

நளீம் நிமிர்ந்தார். அழுது வீங்கிய கண்.

"கொஞ்சம் சுணங்குங்க ஹாஜியார். பல்லேபொலயிலருந்து என்ட மகள் ஹுஸ்னிக்கு ஃபோன் எடுத்தா, இப்பதான் சேதி கெடச்சிச்சாம், வந்துக்கிட்டு இரிக்கிறா. அவ உம்மாட முகத்தைப் பாக்கணும்."

"சுணக்கக் கூடாதுன்னு நீங்கதானே எப்பவும்..."

"அவ வரட்டும்" என்றார் நளீம். ஹாஜியாரின் கையைப் பிடித்துக்கொண்டார். "அல்லாஹ்வுக்காகக் கேக்கிறன். அவ வரட்டும்."

ஹாஜியார் அவர் தோளில் கையை வைத்தார். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. ஊரே ஒரு பெண்ணுக்காகக் காத்து நின்றது.

மஸீஹாவின் கை என் கையை நெரித்தது. அவருக்கு வலிக்கட்டும் என்று இவள் எழுதிய பெயர் அவருக்கு மருந்தாகிவிட்டது. மகளைக் கூப்பிட ஒரு சாக்குக்காக அந்த மனிதர் ஏங்கிக்கொண்டிருந்திருக்கிறார், இவள் அதைத் தூக்கிக் கையில் கொடுத்துவிட்டாள். அதுகூடப் போகட்டும். காத்திருக்கச் சொல்ல அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு வாய்ச்சொல்தான். ஹாஜியார் கேட்டிருப்பார், ஊர் கேட்டிருக்கும். அன்றைக்கு அந்த ஒரு சொல்லைத்தான் அவர் சொல்லாமல் விட்டார்.

அவள் எழுந்தாள். பெண்கள் இழுத்துப் பிடிப்பதற்குள் வாசலுக்குப் போய்விட்டாள். அத்தனை ஆண்களுக்கு நடுவே நின்றாள்.

"நளீம் நானா" என்றாள். கத்தவில்லை. ஆனால் வீதிவரைக்கும் கேட்டது. "என்ட வாப்பாவத் தூக்கக்குள்ள, எனக்கும் கொஞ்சம் சுணங்கி இரிக்கலாமே நீங்க?"

நளீம் மறுபடி தலையைக் குனிந்துகொண்டார். ருஸ்தியும் அங்கேதான் நின்றான். அவன் முகத்தைப் பொத்திக்கொண்டான். பலீல் ஹாஜியார் நளீமின் தோளிலிருந்து கையை எடுத்தார்.

அப்போது ஒரு த்ரீவீலர் வந்து நின்றது. ஜெஸ்லா இறங்கினாள். செருப்பில்லாமல், கையெல்லாம் மாவோடு ஓடி வந்தாள். ஆண்கள் விலகி வழிவிட்டார்கள். அவளுடைய அழுகை உள்ளே போய் அறை முழுக்கக் கேட்டது. மஸீஹா அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வீதிக்கு நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"போதுமாடி?" என்றேன்.

"போதாது" என்றாள் மஸீஹா.